அல்லி ராஜ்யத்து மீன்கள்

அல்லி அரசாணியின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். காவல் வேலையிலிருந்து அமைச்சர் வேலை வரை எல்லாவற்றையும் பெண்களே நடத்திய நாட்டைப் பற்றிய கதை அது. வீட்டில் அம்மாவின் சொல்லே முடிவானது என்றால், "இங்கே அல்லி ராஜ்யம்தான்" என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. இப்படி ஒரு ராஜ்யம் இயற்கையிலும் இருக்கிறது. மெக்சிகோ நாட்டின் ஓடைகளிலும், அதையடுத்த அமெரிக்க மாநிலமான டெக்சாஸின் நீர்நிலைகளிலும் வாழும் சில சிறு மீன் வகைகளில் ஆண் என்பதே கிடையாது. தாய் பெண். அவள் ஈனும் குஞ்சுகள் அத்தனையும் பெண். அக்குஞ்சுகள் வளர்ந்து ஈனுவனவும் பெண்களே.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். மீன்களோடு எனக்கு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒரு நாள் ஆசிரியர் அறையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது விலங்கியல் துறை நண்பர் இம்மீன்களைப் பற்றிச் சொன்னார். "இவை தனியாக வாழவில்லை. ஆணும் பெண்ணுமாக வாழும் தங்கள் உறவுக்கார மீன்களுடன் ஒரே குட்டையில் வாழ்கின்றன. மிக நீண்ட காலமாக அப்படியே வாழ்கின்றன" என்றார். நான் ஒரு காகிதத்தை எடுத்துச் சிறிய கணக்கு ஒன்று போட்டேன். "அது நடக்கவே முடியாதே!" என்றேன். நண்பர் சிரித்தார். "கணக்கு முடியாது என்கிறது. மீன்களோ வாழ்ந்துகொண்டிருக்கின்றன. எது சரி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

யார் இந்த மீன்கள்?

மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் கப்பி, மோலி ஆகிய மீன்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கொசுப் புழுக்களைத் தின்பதற்காக நம் ஊர்க் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடப்படும் கம்பூசியாவும் இவற்றின் நெருங்கிய உறவே. இந்தக் குடும்பத்து மீன்களில் பெரும்பாலானவை முட்டையிடுவதில்லை. நீந்தத் தெரிந்த குஞ்சுகளையே ஈனுகின்றன.

1932-ஆம் ஆண்டில், அமெரிக்காவைச் சேர்ந்த கார்ல் ஹப்ஸ், லாரா ஹப்ஸ் என்னும் கணவன் மனைவியான ஆராய்ச்சியாளர்கள் மோலி மீன்களில் ஒரு வகை முழுவதும் பெண்களாகவே இருப்பதைக் கண்டு அறிவித்தார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளில் பெண்கள் மட்டுமே உள்ள இனம் ஒன்று உண்டு என்று உலகம் அறிந்தது அதுவே முதல் தடவை. இதற்கு 'அமேசான் மோலி' என்று பெயர். அமேசான் ஆற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கிரேக்கக் கதைகளில் வரும் அமேசான் என்னும் வீரப் பெண்களின் பெயர் அது. ஹப்ஸ் தம்பதியர் தமிழராக இருந்திருந்தால் 'அல்லி மீன்' என்றே பெயர் வைத்திருப்பார்கள்!

1959-இல் ராபர்ட் மில்லர், ஜாக் ஷுல்ட்ஸ் என்னும் இருவர் மெக்சிகோவின் வடமேற்கு மூலையில் வேறொரு கூட்டத்தைக் கண்டறிந்தார்கள். பொயிசிலியோப்சிஸ் என்பது அந்த மீன்களின் பெயர். விரல் நீளமே உள்ள சிறு மீன்கள். அவற்றிலும் பெண்கள் மட்டுமே உள்ள வகைகள் இருந்தன.

இவை எப்படித் தோன்றின? இரண்டு வெவ்வேறு இன மீன்கள் கலந்ததால் தோன்றின. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதையை அறிவீர்கள். அது மலடு. ஆனால் இந்த மீன்களில் எப்போதோ நடந்த அத்தகைய கலப்பில் பிறந்த பெண் மலடாகவில்லை. தன்னுடைய மரபணுத் தொகுதியை அப்படியே முட்டைக்குள் வைத்துத் தன்னைப் போன்ற மகளை ஈனத் தொடங்கிவிட்டது. அமேசான் மோலியின் முதல் தாய் தோன்றி ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று அதன் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

வாழையடி வாழை என்கிறோம். தாய் வாழையின் அடியில் முளைக்கும் கன்று தாயின் நகலே. இந்த மீன்களும் அப்படித்தான். தாயும் மகளும் பேத்தியும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆகவே இக்கட்டுரையில் இவற்றை 'நகல் மீன்' என்றே அழைப்போம். ஆணும் பெண்ணும் இணைந்து பெருகும் இவற்றின் உறவினர்களை வசதிக்காக 'ஜோடி மீன்' என்போம்.

காகிதத்தில் போட்ட கணக்கு

இப்போது நீங்களும் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குட்டையில் 1000 ஜோடி மீன்கள் உள்ளன. ஆண் 500, பெண் 500. அங்கே 10 நகல் மீன்கள் வந்து சேருகின்றன. ஒவ்வொரு தாயும் ஈனும் குஞ்சுகளில் இரண்டு மட்டும் பிழைத்து வளர்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

ஜோடி மீனின் இரண்டு குஞ்சுகளில் ஒன்று ஆண், ஒன்று பெண். 500 தாய்களுக்குப் பின் 500 தாய்களே வருவார்கள். எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. நகல் மீனின் இரண்டு குஞ்சுகளும் பெண்கள். 10 தாய்களுக்குப் பின் 20 தாய்கள். பிறகு 40, 80, 160, 320, 640, 1280. ஏழே தலைமுறைகளில் நகல் மீன்கள் ஜோடி மீன்களை மிஞ்சிவிடுகின்றன! சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்துக்கொண்டே போன கதைதான்.

ஆண்களைப் பெற்று வளர்ப்பதால் வரும் இந்த இரட்டிப்பு நட்டத்தை ஜான் மேனார்ட் ஸ்மித் என்னும் ஆங்கில அறிஞர் 1970-களில் தெளிவாக எடுத்துக்காட்டினார். அவர் முதலில் விமானப் பொறியாளராக இருந்து, பிறகு உயிரியலுக்கு வந்தவர். கணக்கில் அவருக்கிருந்த நாட்டத்திற்குக் காரணம் புரிகிறதல்லவா?

குட்டையில் இடம் குறைவு, உணவும் குறைவு. ஒரு பக்கம் இரட்டித்துக்கொண்டே போனால் மறுபக்கம் பட்டினிதான். ரஷ்ய நாட்டு அறிஞர் காஸ் இதைச் சோதனை செய்தே காட்டியிருக்கிறார். பாரமீசியம் என்னும் ஒரு செல் உயிரியை நீங்கள் நுண்ணோக்கியில் பார்த்திருப்பீர்கள். ஒரே உணவை உண்ணும் இரண்டு பாரமீசிய இனங்களை அவர் ஒரே குழாயில் வளர்த்தார். சில நாட்களில் ஓர் இனம் பெருகியது, மற்றது அழிந்தது. 1934-இல் அவர் வெளியிட்ட நூலில் இச்சோதனைகள் உள்ளன.

ஆகவே என் கணக்கின்படி ஜோடி மீன்கள் என்றோ ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் ஒழியவில்லை.

இயற்பியலில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கணக்கின் விடை ஒன்றாகவும் சோதனையில் காண்பது வேறாகவும் இருந்தால், கூட்டல் கழித்தலை ஒரு முறை சரிபார்ப்போம். அதில் பிழையில்லை என்றால், "என்று வைத்துக்கொள்வோம்" என்று தொடக்கத்தில் நாம் வைத்துக்கொண்டவற்றைத் தேடிப் போவோம். இந்தக் கணக்கில் நாம் சொல்லாமலே வைத்துக்கொண்டவை மூன்று. நகல் மீனுக்கு யாருடைய உதவியும் வேண்டாம். இரண்டு வகை மீன்களும் ஒரே உணவை ஒரே விதமாக உண்கின்றன. இரண்டையும் நோய் ஒரே விதமாகத் தாக்குகிறது. மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

அண்டை வீட்டு ஆண்

முதலாவது தவறு. அல்லி ராஜ்யத்துக்கும் ஓர் ஆண் தேவைப்படுகிறான்!

அமேசான் மோலியின் முட்டை தானாக வளரத் தொடங்காது. ஒரு விந்தணு வந்து அதைத் தூண்ட வேண்டும். அதற்காக அது உறவுக்கார ஜோடி இனத்தின் ஆணுடன் இணைகிறது. விந்தணு முட்டையைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். தந்தையின் மரபணுக்கள் குஞ்சுக்குச் சேருவதில்லை. பட்டாசுத் திரிக்கு நெருப்பு வைப்பவன் பட்டாசுக்குள் போவதில்லை அல்லவா? அது போல.

இதனால் நகல் மீன்களின் தலைவிதி ஜோடி மீன்களின் கையில் இருக்கிறது. மரத்தின் மேல் வாழும் புல்லுருவி மரத்தையே கொன்றுவிட்டால் தானும் காய்ந்துவிடும். நகல் மீன்கள் அளவுக்கு மீறிப் பெருகி ஜோடி மீன்களை நெருக்கினால் ஆண்கள் குறைந்துபோவார்கள். நகல் தாய்களில் பலருக்குத் துணை கிடைக்காது. அவர்களின் எண்ணிக்கை தானே இறங்கும்.

ஆண் மீன்களும் ஏமாளிகள் அல்ல. மெக்சிகோ ஓடைகளில் வலிமை மிக்க ஆண்கள் தங்கள் இனத்துப் பெண்களையே நாடுகின்றன. அவற்றால் விரட்டப்பட்ட சிறிய ஆண்களே பெரும்பாலும் நகல் மீன்களிடம் செல்கின்றன. விரட்டப்படும் ஆண்கள் இருக்கும் வரையில்தான் நகல் மீன்களுக்கு வாழ்வு. 1971-இல் மூர், மெக்கே ஆகிய இருவரும் இந்தத் தன்னடக்கத்தை விளக்கினார்கள். நீராவி எஞ்சின் மிக வேகமாகச் சுழன்றால் நீராவியைத் தானே குறைக்கும் 'கவர்னர்' என்னும் கருவியைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இதுவும் ஒரு கவர்னர்தான்.

ஆனால் இது மட்டும் போதாது. துணை தேடும் பிரச்சினை வரும் முன்பே வயிற்றுப் பிரச்சினை வந்துவிடுமே! பசித்த நகல் மீன்கள் ஜோடி மீன்களின் உணவைக் காலி செய்துவிட்டால் என்ன ஆவது?

ஒரு குட்டை, பல பந்திகள்

காஸ் செய்த சோதனையின் மறுபாதியை நான் இன்னும் சொல்லவில்லை. அவர் வேறு இரண்டு பாரமீசிய இனங்களையும் ஒரே குழாயில் விட்டுப் பார்த்தார். இம்முறை இரண்டுமே பிழைத்துக்கொண்டன. காரணம் எளியது. ஒன்று மேல் நீரில் மிதந்த உணவை உண்டது. மற்றது அடியில் படிந்த ஈஸ்ட்டை உண்டது. குழாய் ஒன்றுதான், பந்தி இரண்டு. ஒரே கூடத்தில் உட்கார்ந்தாலும் ஒருவர் இலையில் மற்றவர் கை வைக்கவில்லை.

மீன்களிலும் இப்படி நடக்கிறதா? மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் புவெர்த்தே என்னும் ஆற்றில் சேரும் சிற்றோடை ஒன்று உண்டு. பெயர் பிளாத்தானோஸ். மழைக்காலத்தில் ஓடும், வறண்ட காலத்தில் பாறைகளுக்கு இடையே தனித்தனிக் குட்டைகளாகச் சுருங்கிவிடும். அங்கே பொயிசிலியோப்சிஸ் மோனாக்கா என்னும் ஜோடி மீனுடன் இரண்டு வகை நகல் மீன்கள் வாழ்கின்றன. ஒரு வகை நகலின் மீன்கள் அத்தனையும் ஓர் அச்சு. மற்ற வகை இன்னோர் அச்சு. இரண்டிலும் மோனாக்காவின் குரோமோசோம் தொகுதி இரண்டும், லூசிடா என்னும் வேறொரு மீனின் தொகுதி ஒன்றுமாக மூன்று தொகுதிகள் உள்ளன.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் விரிஜென்ஹோக் பல ஆண்டுகள் இந்த ஓடையில் ஆராய்ச்சி செய்தார். இரண்டு நகல்களும் பார்வைக்கு ஒன்று போல் இருந்தாலும், பற்களின் அமைப்பிலும் உணவு தேடும் விதத்திலும் வேறுபடுகின்றன என்று 1978-இல் அவர் எழுதினார். பின்னர் ஷென்க் என்பவருடன் சேர்ந்து, ஓடையின் எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எந்த வகை மீன் மிகுதியாக உள்ளது என்று கணக்கெடுத்தார். மூன்று வகை மீன்களும் ஓடையில் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனக்கேற்ற இடமும், தனக்கேற்ற உண்ணும் முறையும் இருந்தன.

ஒரு சிறு குட்டையில் அத்தனை பந்திகள் எங்கிருந்து வரும் என்று நினைக்க வேண்டாம். பாறை மேல் படிந்த பாசி ஓர் உணவு. அடியில் மட்கிய இலைத் துகள் ஓர் உணவு. நீரில் நெளியும் பூச்சிப் புழு ஓர் உணவு. நீரோட்டம் கொண்டுவந்து தரும் சிற்றுயிர்கள் ஓர் உணவு. பாசியைச் சுரண்டுவதற்கு ஒரு வகைப் பல் ஏற்றது. நெளியும் புழுவைப் பிடிக்க வேறொரு வாயும் வேகமும் வேண்டும்.

சீட்டுக்கட்டும் ஒரு கைச்சீட்டும்

நகல்களுக்குள் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இங்கேதான் விரிஜென்ஹோக் ஓர் அழகான கருத்தைச் சொன்னார். அதை ஒரு சீட்டுக்கட்டின் உதவியால் விளக்குகிறேன்.

ஜோடி மீன்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டைக் குலுக்கிப் போடுகின்றன. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி. அதனால் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் கிடைப்பது ஒரு புதிய கைச்சீட்டு. ஒன்று பாசி சுரண்டுவதில் கொஞ்சம் கெட்டிக்காரி. ஒன்று புழு பிடிப்பதில் கெட்டிக்காரி. மொத்தத்தில் ஜோடி மீன் கூட்டம் குட்டையின் எல்லாப் பந்திகளிலும் பரவி உட்காருகிறது.

எப்போதோ ஒரு முறை கலப்பு நடந்து ஒரு நகல் பிறக்கிறது. அந்தக் கணத்தில் அவளுக்கு விழுந்த கைச்சீட்டு எதுவோ அதுவே நிரந்தரம். இனி குலுக்கல் இல்லை. அவள் பாசி சுரண்டுபவளாக இருந்தால், அவளுடைய ஆயிரம் பேத்திகளும் பாசி சுரண்டுபவர்களே. இன்னொரு முறை நடக்கும் கலப்பில் பிறக்கும் நகலுக்கு வேறு கைச்சீட்டு விழலாம். பரந்த வேறுபாட்டில் ஒரு துண்டு மட்டும் பனிக்கட்டியில் உறைந்தது போல் நகல்களில் உறைந்துவிடுகிறது. ஆகவே இக்கருத்துக்கு 'உறைந்த வேறுபாடு' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள்.

இது வெறும் கற்பனையா? சோதித்துப் பார்க்க முடியும். ஷுல்ட்ஸ் 1973-இலேயே ஆய்வுக்கூடத் தொட்டியில் இரண்டு ஜோடி இனங்களைக் கலந்து, பெண்களாகவே பெருகும் மீன்களைப் புதிதாக உண்டாக்கிக் காட்டிவிட்டார். 1980-களில் விரிஜென்ஹோக்கின் குழுவினர் இப்படிப் பல வகைகளை உண்டாக்கி ஒப்பிட்டார்கள். வளரும் வேகம், பிழைக்கும் திறன், ஈனும் குஞ்சுகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டன. குலுக்கலுக்குக் குலுக்கல் கைச்சீட்டு மாறுகிறது என்பது உறுதியானது. விழும் கைச்சீட்டு எல்லாமே நல்ல சீட்டு அல்ல என்பதும் தெரிந்தது. நாம் ஓடையில் காணும் நகல்கள், விழுந்தவற்றில் தேறியவை மட்டுமே.

இப்போது என் கணக்கில் இருந்த இரண்டாவது தவறு புலப்படுகிறது. ஒரு நகல் மீன் பத்து, இருபது, நாற்பது என்று பெருகும்போது யாருடைய உணவு முதலில் குறைகிறது? அவளைப் போலவே உண்பவர்களின் உணவு. அவளைப் போலவே உண்பவர்கள் யார்? அவளுடைய சகோதரிகள்! நகலுக்குப் பெரிய போட்டியாளர் நகலே. ஒரே இலையின் முன் நாற்பது பேர் உட்கார்ந்தால் நாற்பது பேருக்கும் அரை வயிறுதான். ஒவ்வொரு தாய்க்கும் இரண்டு குஞ்சு பிழைக்கும் என்று நான் வைத்துக்கொண்டது அந்த நெரிசலில் பொய்யாகிவிடுகிறது. மற்றப் பந்திகளில் உட்கார்ந்திருக்கும் ஜோடி மீன்களோ உண்டுகொண்டிருக்கும்.

ஆனால் எல்லா ஓடைகளுக்கும் இதே விளக்கம் பொருந்தும் என்று அவசரப்பட வேண்டாம். அமேசான் மோலியும் அதன் ஜோடி உறவினரும் உண்பது பெரும்பாலும் ஒன்றே: பாசியும் மட்கிய துகளும். அங்கே பந்தி பிரிவது தெளிவாகத் தெரியவில்லை. எனவே அங்கே ஆண்களின் தேர்வு போன்ற பிற காரணங்களுக்கே அதிக இடம் இருக்க வேண்டும். ஒரே விளைவுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு காரணங்கள் இருப்பது அறிவியலில் புதிதல்ல.

முப்பது மீன்கள் செய்த மாற்றம்

மூன்றாவது, நோய். இதை விளக்க உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

பிளாத்தானோஸ் ஓடையின் மேற்பகுதியில் ஒரு குட்டை. அங்கே ஜோடி மீன்களே பெரும்பான்மை. 1976-இல் கடும் வறட்சி வந்தது. குட்டை வற்றி அதிலிருந்த மீன்கள் அழிந்தன. மீண்டும் நீர் வந்தபோது, ஓடை வழியே ஒரு சில மீன்கள் வந்து குடியேறின. அந்தச் சில ஜோடி மீன்களின் சந்ததிகளே குட்டையை நிரப்பின. சீட்டுக்கட்டில் சில சீட்டுகள் மட்டுமே மிஞ்சினால் எவ்வளவு குலுக்கினாலும் புதிய கை விழுமா? விழாது. அவை பெயருக்கு ஜோடி மீன்கள். உண்மையில் ஏறக்குறைய நகல்கள் போலவே ஆகிவிட்டன.

அங்கே ஒட்டுண்ணிப் புழு ஒன்று உண்டு. நத்தையிலிருந்து வெளிவந்து மீனின் தோலில் புகுந்து கூடு கட்டும். அந்த இடத்தில் கரும்புள்ளி தோன்றும். மீன் மேல் எத்தனை புழு என்பதை, புள்ளிகளை எண்ணியே சொல்லிவிடலாம். பிற குட்டைகளில், எண்ணிக்கையில் மிகுந்த நகல் மீன்களின் மேலேதான் புள்ளிகள் அதிகம். ஏனென்றால் ஒரே பூட்டுப் போட்ட ஆயிரம் வீடுகள் இருந்தால் திருடனுக்கு ஒரு சாவி போதும்! ஜோடி மீன்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு பூட்டு. ஆனால் வறட்சி கண்ட இந்தக் குட்டையில் மட்டும் நிலைமை தலைகீழாக இருந்தது. ஜோடி மீன்களே புள்ளிகளால் நிறைந்திருந்தன. அவற்றின் எண்ணிக்கையும் சரிந்து, நகல் மீன்களே எங்கும் காணப்பட்டன.

1983-இல் விரிஜென்ஹோக் ஒரு காரியம் செய்தார். அந்தக் குட்டையிலிருந்து 30 ஜோடிப் பெண் மீன்களை எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக ஓடையின் வேறு பகுதியிலிருந்து வேறுபாடு மிகுந்த 30 பெண் மீன்களை விட்டார். கவனியுங்கள்: மீன்களின் எண்ணிக்கையை அவர் கூட்டவில்லை. முப்பதை எடுத்து முப்பதை வைத்தார். மாற்றியது மரபணு வேறுபாட்டை மட்டுமே. நல்ல சோதனை என்பது இதுதான்; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

இரண்டே ஆண்டுகளில் ஜோடி மீன்கள் மீண்டும் பெரும்பான்மை ஆயின. கரும்புள்ளிகள் நகல் மீன்களின் பக்கம் திரும்பிவிட்டன. 1990-இல் கர்ட்டிஸ் லைவ்லி, கிளார்க் கிராடக், விரிஜென்ஹோக் மூவரும் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டபோது உயிரியலாளர்கள் வியந்தார்கள். எல்லாம் முப்பது சிறு மீன்களால்!

கணக்கு திருத்தப்பட்டது

என் காகிதத்தை நான் கிழித்துப் போடவில்லை. இரட்டிப்பு உண்மைதான். ஆனால் துணைக்கு அண்டை வீட்டை நம்ப வேண்டியிருக்கிறது. பெருகப் பெருகச் சொந்த இலையே காலியாகிறது. பூட்டு ஒன்றாக இருப்பதால் திருடனுக்கும் எளிது. இந்த மூன்று கழித்தலும் சேர்ந்தால் இரட்டிப்பின் லாபம் கரைந்துபோகிறது. ஆண்களைப் பெற்று வளர்ப்பது வீண் செலவு போலத் தோன்றியது. உண்மையில் அது சீட்டைக் குலுக்குவதற்குக் கொடுக்கும் கூலி.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. வாழையடி வாழை என்று தொடக்கத்தில் சொன்னேன். மத்திய அமெரிக்காவின் தோட்டங்களில் ஒரு காலத்தில் குரோ மிஷேல் என்னும் ஒரே ரக வாழையை, மைல் கணக்கில் நகல் நகலாக நட்டு ஏற்றுமதி செய்தார்கள். பனாமா வாடல் நோய் வந்தது. 1960-கள் முடிவதற்குள் அந்த ரகத்தைக் கைவிட்டு, வேறு ரகத்துக்கு மாற வேண்டியதாயிற்று. ஒரே நெல், ஒரே வாழை என்று நாடு முழுவதும் நட நினைக்கும்போது, வறட்சி கண்ட அந்தச் சிறு குட்டை நம் நினைவில் வர வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள்

மெக்சிகோவுக்குப் போக வேண்டாம். கண்ணாடித் தொட்டியோ, அகன்ற கண்ணாடிப் பாத்திரமோ போதும். நான்கைந்து கப்பி மீன்களை விடுங்கள். அடியில் கொஞ்சம் மணலும், பாசி படிந்த ஒரு கல்லும் வையுங்கள். இரண்டு நாள் பழகட்டும். பிறகு ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவிவிட்டு, ஒரே ஒரு மீனை மட்டும் ஐந்து நிமிடம் கவனியுங்கள். மேல்மட்டத்தில் எத்தனை முறை கொத்துகிறது, நடுநீரில் எத்தனை முறை, கல்லில் எத்தனை முறை, மணலில் எத்தனை முறை என்று நான்கு கட்டங்களில் கோடு போட்டுக் குறியுங்கள். அடுத்து வேறொரு மீன். வண்ண வாலுள்ள ஆணையும், உருவில் பெரிய பெண்ணையும் தனித்தனியே குறியுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால், ஒரே தொட்டியில் ஒரே உணவை உண்ணும் மீன்கள் எல்லாம் ஒரே விதமாக உண்கின்றனவா என்பதற்கு விடை உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். சோதனை முடிந்ததும் மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். அவை வெளிநாட்டு மீன்கள். நம் ஊர் மீன்களின் இலையில் கை வைத்துவிடும்!